சுவருக்கு அந்தப் பக்கம் எத்தனை தகடு

உலகத்தில் இன்றைய தேதிக்குப் பிளாஸ்மாவை அடக்கத் தெரிந்தவர்கள் மொத்தம் நான்கு பேர், அதில் இரண்டு பேர் ஓய்வு பெற்றுவிட்டார்கள், ஒருவருக்கு ஞாபக மறதி, ஆகவே மிச்சம் இருப்பது தான் ஒருவன்தான் என்று டாக்டர் தெயோ சொன்னபோது, புதுச்சேரி தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையின் அந்த ஷெட்டுக்குள் இருந்த யாரும் சிரிக்கவில்லை. அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. அதைவிட முக்கியம், அங்கே எல்லாருடைய வருகைப் பதிவிலும் கையெழுத்துப் போடுகிறவன் அவன்.

ஷெட் முன்பு சோப்புக் கம்பெனியாக இருந்தது. ஊரில் ஒரு தனியார் கல்லூரி அதை வாங்கி, நடுவில் ஓர் எந்திரத்தை உட்கார வைத்திருந்தது. மெதுவடையை ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கினால் எப்படியிருக்கும், அப்படி ஓர் எஃகுக் கலம், சுற்றிலும் செம்புக் கம்பிச் சுருள்கள். கலத்துக்குள் இருக்கிற காற்றையெல்லாம் உறிஞ்சி எடுத்துவிட்டு, துளி ஹைட்ரஜனை விட்டு மின்சாரத்தைப் பாய்ச்சினால், அது லட்சக்கணக்கான டிகிரி சூட்டில் ஒளிர்கிற ஒரு வளையமாகும். அதுதான் பிளாஸ்மா. சூரியனுக்குள் நடப்பதைப் பூமியில் நடத்தி என்றாவது ஒரு நாள் மின்சாரம் எடுத்துவிடலாம் என்று உலகம் முழுக்க இதைத்தான் செய்து பார்க்கிறார்கள். அந்தச் சூட்டை எந்தப் பாத்திரமும் தாங்காது. சுருள்களின் காந்தப்புலம்தான் வளையத்தைச் சுவரில் படாமல் அந்தரத்தில் பிடித்துக்கொள்ள வேண்டும். பிளாஸ்மாவோ பிடித்த இடத்தில் நிற்கிற பிறவி இல்லை. ஏறும், இறங்கும், சாயும், நெளியும். இரண்டு அங்குலம் நகர்ந்து சுவரைத் தொட்டால் தீர்ந்தது கதை.

ஜனவரி கடைசியில் டில்லியிலிருந்து ஒரு குழு வருவதாக இருந்தது. அவர்கள் கண் முன்னால் பிளாஸ்மா இருபத்தைந்து மில்லிசெகண்டு நிலையாக நிற்க வேண்டும். கண் ஒரு தடவை சிமிட்டுகிற நேரத்தில் பத்தில் ஒரு பங்கு. நின்றால் திட்டம் இன்னும் மூன்று வருடம் ஓடும். நிற்காவிட்டால் எந்திரத்தைக் கழற்றி வேறு ஊருக்கு அனுப்பிவிட்டு, ஷெட்டைக் கல்லூரி பஸ்களுக்குக் கொடுத்துவிடுவதாகப் பேச்சு.

இந்தக் கண்சிமிட்டலுக்காகத்தான் தெயோ பிரான்சிலிருந்து வரவழைக்கப்பட்டான். வரவழைக்க ரொம்பத் தூரம் போகவில்லை. அவன் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரர், வீடு இதே ஊரில், துய்மா வீதியில். ஆறு வருடம் பிரான்சில் படித்துவிட்டு வந்தவன், ஒரு கட்டுப்பாட்டு நிரலை எழுதினான். அதற்கு 'மேத்ர்' என்று பெயர் வைத்தான். அப்படி என்றால் எஜமான் என்று வந்தவர் போனவருக்கெல்லாம் விளக்கினான். கலத்தைச் சுற்றியுள்ள காந்த உணரிகள் பிளாஸ்மா எங்கே நகர்கிறது என்று சொல்லும். மேத்ர் அதைக் கேட்டு, ஒரு மில்லிசெகண்டுக்குப் பத்துத் தடவை சுருள்களின் மின்சாரத்தை ஏற்றி இறக்கி, பிளாஸ்மாவை நடுவுக்குத் தள்ளும். மனிதக் கை இதில் படவே கூடாது என்பது தெயோவின் கொள்கை. மனிதக் கை சாப்பிடுவதற்கு மட்டும்தான் என்பான்.

அவன் வருவதற்கு முன்னால் அந்த எந்திரத்தில் பட்ட கை ரமீஜாவுடையது. ஒப்பந்தத் தொழில்நுட்ப உதவியாளர், வயது இருபத்தாறு. மேத்ர், டாக்டர், பிரான்சு எதுவும் இல்லாமல், சுருள் மின்சாரத்தைக் கையால் வைத்தே பத்தொன்பது மில்லிசெகண்டு வரை நிறுத்தியிருந்தாள். அது தற்செயல் என்று தெயோ தீர்ப்பளித்தான். பதினோரு தடவை எப்படித் தற்செயல் நடக்கும் என்று அவள் கேட்டதற்கு, தற்செயலுக்கு எண்ணிக்கை கிடையாது என்றான்.

ரமீஜாவுக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொரு தடவை எந்திரத்தைச் சுடுவதற்கு, அதாவது மின்சாரம் பாய்ச்சி ஓட்டுவதற்கு, முன்னாலும் பின்கதவு வழியாக வெளியே போய், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு ஏறி, மதில் சுவருக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பாள். அந்தப் பக்கம் அம்மாவாசையின் பீரோ பட்டறை. பீரோ செய்கிற இரும்புத் தகடுகளை அவர் அந்த மதிலை ஒட்டித்தான் அடுக்குவார். எந்திரத்துக்கும் அந்த அடுக்குக்கும் நடுவே ஒரு சுவரும் நாலு முழமும்தான். தகடு எவ்வளவு என்று பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டு வருவாள். பிறகு வாயு விடாமல், வெறும் சுருள்களை மட்டும் ஒரு தடவை சுடுவாள். அதற்குக் காலி ஷாட் என்று பெயர். எண்ணெய் அளப்பதற்கு முன் வெறும் தூக்கைத் தராசில் வைத்துப் பார்ப்பது போலத்தான். சுருள்களின் புலமும் பக்கத்து இரும்பின் சேட்டையும் சேர்ந்து உணரிகளில் எவ்வளவு பொய் சொல்கின்றன என்று அதில் தெரிந்துவிடும். அந்தப் பொய்யைக் கழித்தால்தான் பிளாஸ்மா எங்கே இருக்கிறது என்கிற உண்மை வரும்.

தெயோ காலி ஷாட்டை மறுப்பவன் இல்லை. அவனும் ஒன்று எடுத்திருந்தான். ஒன்றே ஒன்று, நவம்பர் முதல் தேதி எடுத்தது. அன்று புதுச்சேரி விடுதலை நாள், தொழிற்பேட்டைக்கே விடுமுறை. சுத்தமான நாள், சத்தமில்லாத நாள், அறிவியலுக்கென்றே அமைந்த நாள் என்று தேர்ந்தெடுத்து எடுத்து, அதை மேத்ருக்குள் நிரந்தரமாகப் பதித்துவிட்டான். இனி தினம் தினம் வெறும் பாத்திரத்தை எடைபோட இது ரேஷன் கடை இல்லை என்றான்.

மேத்ர் ஓட ஆரம்பித்த முதல் வாரம் பிளாஸ்மா எட்டு மில்லிசெகண்டு நின்றது. இரண்டாம் வாரம் ஏழு.

மூன்றாம் வாரம் தெயோ காரணத்தைக் கண்டுபிடித்தான். ரமீஜாவின் காலி ஷாட்டுகள் சுருள்களைச் சூடாக்கிக் கெடுக்கின்றன. அவற்றைத் தடை செய்தான். அதோடு விட்டிருக்கலாம். பயிற்சிக்கு வந்த கல்லூரிப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேரை நிற்க வைத்துக்கொண்டு, அவளுடைய அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியை ஷெட்டுக்கு நடுவில் போட்டு ஏறினான். இல்லாத துப்பட்டாவைத் தோளில் இழுத்து விட்டுக்கொண்டான். இல்லாத சுவரை எட்டிப் பார்த்தான். "அண்ணே, இன்னிக்கு எத்தனை பீரோ? சூரியன் எரியணும், கொஞ்சம் பாத்துச் சொல்லுங்கண்ணே" என்றான். பிள்ளைகள் சிரித்தார்கள். தெயோவிடம் ஆராய்ச்சி மாணவனாக இருந்த இளம்பரிதி எல்லாரையும்விட நேரம் கழித்துச் சிரிப்பை நிறுத்தினான். அவனுடைய ஆய்வேட்டில் தெயோ இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

அன்றிலிருந்து அவளுக்கு மதாம் பீரோ என்று பெயர். வருகைப் பதிவை நீட்டும்போதும் மதாம் பீரோ, ஸ்பானர் கேட்கும்போதும் மதாம் பீரோ. ரமீஜா பதில் பேசவில்லை. அவளுடைய ஒப்பந்தம் டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதி முடிகிறது. மூன்றாவது வருடத்துக்கு நீட்டித்தால்தான் அதே எந்திரத்தில் ஆராய்ச்சிப் படிப்புக்குப் பதிவு செய்ய முடியும். அந்த இடத்துக்காக வீட்டில் ஒரு நிச்சயதார்த்தத்தையே இரண்டு தடவை தள்ளிப் போட வைத்திருந்தாள். நீட்டிப்புக்குப் பரிந்துரை எழுத வேண்டியவன் தெயோ. ஆகவே மதாம் பீரோ என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்த்தாள். காலி ஷாட்டை மட்டும் நிறுத்திவிட்டு, சாப்பாட்டு நேரத்தில் போய் எட்டிப் பார்ப்பதைத் தொடர்ந்தாள்.

டிசம்பர் இரண்டாவது வெள்ளிக்கிழமை மேத்ர் இருபத்தாறு மில்லிசெகண்டு நிறுத்தியது. மறுபடி சுட்டார்கள், மறுபடி இருபத்தாறு. தெயோ ஒரு நிமிஷம் கண்ணை மூடி நின்றான். பிறகு ஆள் அனுப்பி எல்லாருக்கும் பேக்கரியிலிருந்து எக்லேர் வாங்கி வரச் சொன்னான். ரமீஜாவுக்குத் தன் கையாலேயே கொடுத்து, ஒரு பீரோவையும் பார்க்காமல் இருபத்தாறு வந்திருக்கிறது, கவனித்தீர்களா மதாம் என்று கேட்டான்.

மறுநாள் காலை மறுபடி ஏழு மில்லிசெகண்டு.

அப்போதுதான் ரமீஜா தன் வழக்கத்துக்கு மாறாக வாயைத் திறந்தாள். எல்லாரும் இருக்கும்போது, சத்தம் உயர்த்தாமல் சொன்னாள். "சார், நேத்து சுவரு காலியா இருந்துச்சு. ஒரு ஹாஸ்டல் ஆர்டருக்கு அம்மாவாசை அண்ணன் இருந்த தகடு பூராவும் அடிச்சு அனுப்பிட்டாரு. நீங்க நவம்பர் ஒண்ணாந்தேதி எடுத்தப்பவும் அப்படித்தான், தீபாவளி ஆர்டர் முடிஞ்சு காலியா கெடந்துச்சு. இன்னிக்கு காலைல லோடு வந்துருச்சு. மேத்ர் இன்னும் சுவரு காலின்னே நெனச்சிட்டிருக்குது சார். பிளாஸ்மா நடுவுல இருக்கறப்ப ஓரத்துல இருக்குதுன்னு நெனச்சு, அதுவே புடிச்சு சுவத்துல தள்ளுது."

அவள் நோட்டை நீட்டினாள். மேத்ர் ஓட ஆரம்பித்த நாளிலிருந்து தேதி, தகடு, மில்லிசெகண்டு என்று மூன்று பத்தி. தெயோ அதை வாங்கி இரண்டு பக்கம் புரட்டி, கையெழுத்து அழகாக இருக்கிறது என்று சொல்லிப் பையில் போட்டுக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து வந்து, சாப்பிட்டு, அம்மா மார்கரீத் தூங்கப் போன பிறகு, அந்த நோட்டைக் கணினியில் ஏற்றினான். தகடு எண்ணிக்கை ஒரு பக்கம், மில்லிசெகண்டு ஒரு பக்கம். முப்பத்தெட்டு புள்ளிகளும் அளவுகோல் வைத்துக் கோடு போட்டது போல ஒரே சரிவில் இறங்கின. அவன் ஆறு வருடம் பிரான்சில் வரைந்த எந்த வரைபடமும் இவ்வளவு ஒழுங்காக வந்ததில்லை. தப்பு எங்கேயாவது இருக்குமென்று ஒரு மணி நேரம் தேடினான். தப்பு இருந்தது. அது நவம்பர் ஒன்றாம் தேதியில் இருந்தது.

தெயோ முட்டாள் இல்லை. செய்ய வேண்டியது என்ன என்பது அவனுக்கு உடனே தெரிந்தது. ஒவ்வொரு தடவையும் காலி ஷாட் எடுக்க வேண்டும், அதற்கும் நிஜ ஷாட்டுக்கும் நடுவில் தகடு நகராமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். அதைச் சொன்னால் அடுத்த கேள்வி என்ன வரும் என்பதும் தெரிந்தது. பிரான்சிலிருந்து வந்த டாக்டர் ஒரு வருடம் எழுதிய நிரலை ஒரு பீரோ பட்டறை கவிழ்த்ததை நாற்காலி போட்டு எட்டிப் பார்த்த பெண் கண்டுபிடித்தாளா என்று குழுவில் ஒருத்தராவது கேட்பார். கேட்டுவிட்டுச் சிரிப்பார். மனிதர்கள் எப்படிச் சிரிப்பார்கள் என்பது அவனுக்கு நன்றாகவே தெரியும், சிரிக்க வைத்தவன் அவன்தானே.

ஆகவே திங்கட்கிழமை கல்லூரி முதல்வர் அஞ்சலாட்சி அம்மாவுக்கு ஓர் அறிக்கை அனுப்பினான். அனுமதியில்லாத காலி ஷாட்டுகளால் எந்திரத்தின் நிலைத்தன்மை பாதிக்கப்பட்டிருக்கிறது. சம்பந்தப்பட்ட உதவியாளர் வேலை நேரத்தில் பக்கத்துப் பட்டறையோடு தொடர்பில் இருக்கிறார். ஒப்பந்தத்தை நீட்டிப்பது உசிதமல்ல. 'பக்கத்துப் பட்டறையோடு' என்பதற்குப் பதிலாக முதலில் 'பக்கத்துப் பட்டறை ஆட்களோடு' என்று எழுதியிருந்தான். அது கொஞ்சம் அதிகம் என்று பட்டதால் மாற்றினான். அந்த மாற்றத்தை நினைத்து அவனுக்குத் தன் மேலேயே ஒரு மரியாதை வந்தது.

ஒப்பந்தம் நீட்டிக்கப்படாது என்கிற கடிதம் முப்பதாம் தேதி வந்தது. ரமீஜா அதைப் படித்துவிட்டு நேராக அவன் மேசைக்கு வந்தாள். அழுவாள் என்று எதிர்பார்த்து அவன் தண்ணீர் பாட்டிலைக்கூடத் தயாராக நகர்த்தி வைத்தான்.

"நோட்டக் குடுங்க சார்."

"அது லேப் நோட்டு."

"லேப் நோட்டு நீல அட்டை. இது நான் நேரு வீதில என் காசுல வாங்குனது."

கணினியில் ஏற்றிய பிறகு அதனால் உபயோகம் எதுவும் இல்லை என்பதால் கொடுத்துவிட்டான். அவள் போகவில்லை.

"நீங்க போட்டுப் பாத்தீங்களா சார்?"

"பாத்தேன்."

"என்ன வந்துச்சு?"

"ஒண்ணும் வரல."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் காற்றை உறிஞ்சுகிற பம்பின் அழுத்தக் காட்டியைப் பார்த்தான். இளம்பரிதி திருப்புளிகளை அளவு வாரியாக அடுக்கினான், ஏற்கெனவே அளவு வாரியாக இருந்தவற்றை. "புரிஞ்சிடுச்சு சார்" என்று சொல்லிவிட்டு அவள் போனாள். இரண்டு வருடம் வேலை செய்த இடத்தில் அவளுடைய சாமான் என்று ஒரு சாப்பாட்டு டப்பாவும் அந்த நோட்டும்தான் இருந்தன. வாசலில் யாரோ பயிற்சிப் பிள்ளை பழக்க தோஷத்தில் போய்ட்டு வாங்க மதாம் பீரோ என்றது.

ஜனவரி கடைசியில் குழு வந்தது. கோட்டு போட்ட ஐந்து பேர், தலைவர் மட்டும் வேட்டி. தெயோ முக்கால் மணி நேரம் படம் போட்டுப் பேசினான். பிளாஸ்மா என்பது ஒழுக்கமில்லாத கூட்டம் என்றும், மேத்ர் அதற்கு ஒழுக்கம் கற்பிக்கிறது என்றும் சொன்னான். தலைவர் எல்லாம் சரி, ஓட்டிக் காட்டுங்கள் என்றார்.

பத்து நிமிடம் வேண்டும், தூதரகத்திலிருந்து ஒரு போன் என்று சொல்லிவிட்டுத் தெயோ பின்கதவு வழியாக வெளியே போனான். இளம்பரிதியை அனுப்பியிருக்கலாம். அனுப்பினால் இளம்பரிதிக்குத் தெரிந்துவிடும். வெயிலில் வெளுத்துப்போன அந்த நாற்காலி அங்கேயே கிடந்தது. கைக்குட்டையால் துடைத்தான். கோட்டோடு ஏறினான்.

சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு லாரி நின்றது. இரண்டு ஆட்கள் தார்ப்பாயை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். கைலியை மடித்துக் கட்டிய ஓர் ஆள் நிமிர்ந்து பார்த்தார்.

"யாருங்க சார்?"

"இங்க லேப்ல இருக்கேன். லோடு இப்ப இறக்கப் போறீங்களா?"

"ஆமா."

"ஒரு மணி நேரம் கழிச்சு இறக்க முடியுமா?"

அம்மாவாசைக்கு அது வேடிக்கையாக இருந்தது. லாரிக்கு வாடகை ஓடுது சார் என்றார். பிறகு, "பாப்பா கேட்டா நிறுத்துவேன். அது கேக்கறப்ப காரணத்தோட கேக்கும். என்ன ஏதுன்னு எனக்கே படம் போட்டுக் காட்டிருக்குது. பாப்பா எங்க, ஒரு மாசமா ஆளக் காணோம்?" என்றார்.

ஷெட்டுக்குள் ஐந்து பேர் காத்திருந்தார்கள். தார்ப்பாய் பாதி அவிழ்ந்திருந்தது. தெயோவுக்கு யோசிக்க அதிக நேரம் தேவைப்படவில்லை.

"ரமீஜாவுக்கு உடம்பு சரியில்லைங்க. மஞ்சக்காமாலை. அவங்கதான் உங்ககிட்ட கேட்டுட்டு வரச் சொன்னாங்க."

"அடடா" என்றார் அம்மாவாசை. லாரி ஆட்களைப் பார்த்துக் கையைக் காட்டினார். அவர்கள் தார்ப்பாயை விட்டுவிட்டு டீ குடிக்கப் போனார்கள்.

தெயோ சுவரை ஒட்டிய அடுக்கை எண்ணினான். தொண்ணூற்றிரண்டு. உள்ளே வந்து இளம்பரிதியின் காதருகே குனிந்து, வாயு விடாமல் சும்மா ஒன்று சுடு என்றான். இளம்பரிதி அவனைப் பார்த்தான். தெயோ குழுவின் பக்கம் திரும்பி, இப்போது நாம் அடிப்படை மீளமைவு என்கிற ஒரு கட்டத்தைச் செய்கிறோம், இது மேத்ரின் தனிச்சிறப்பு என்று அறிவித்தான். ஒருவர் அந்தச் சொல்லைக் குறித்துக்கொண்டார். பிறகு அந்தக் காலி ஷாட்டின் அளவை நவம்பர் ஒன்றின் இடத்தில் மேத்ருக்குள் ஏற்றி, வாயுவை விட்டுச் சுட்டார்கள். இருபத்தொன்பது மில்லிசெகண்டு. பிளாஸ்மா கலத்துக்கு நடுவில் நின்று, வேளை வந்தபோது சத்தமில்லாமல் அணைந்தது. வேட்டி கட்டிய தலைவர் எழுந்து வந்து தெயோவின் கையைக் குலுக்கினார். கை படாமலே அடக்கிவிட்டீர்களே என்றார்.

திட்டம் மூன்று வருடம் நீண்டது. அடிப்படை மீளமைவைப் பற்றித் தெயோ ஒரு கட்டுரை எழுதி அனுப்பினான். அதில் வருகிற வரைபடத்தில் முப்பத்தெட்டு புள்ளிகள் இருந்தன. ஆராய்ச்சிப் படிப்புக்கான இடம் வேறொருவருக்குப் போனது. ரமீஜா மேட்டுப்பாளையத்தில் ஒரு மருந்துக் கம்பெனியில் மாத்திரை அட்டைகளைச் சரிபார்க்கிற வேலைக்குப் போகிறாள் என்றும், தள்ளிப் போன நிச்சயதார்த்தம் நடந்துவிட்டது என்றும் இளம்பரிதி ஒரு நாள் சொன்னான். நல்லது என்றான் தெயோ. மனமாரச் சொன்னான்.

இப்போது தினமும் காலை ஒன்பதரைக்கு, மற்றவர்கள் வருவதற்கு முன்னால், அவன் பின்கதவைத் திறந்துகொண்டு போகிறான். நாற்காலியின் ஒரு கால் விரிசல் விட்டிருப்பதால் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் ஏற வேண்டியிருக்கிறது. அம்மாவாசை அவனுக்காகவே காத்திருப்பவர் போல வந்து நிற்கிறார். பாப்பாவுக்கு எப்படி இருக்குது என்று தினமும் கேட்கிறார். தெயோ முதலில் கண்ணில் மஞ்சள் குறையவில்லை என்று சொல்லிவந்தான். பிறகு கஞ்சி இறங்குகிறது என்றான். சென்ற வாரம் கொஞ்சம் நடக்கிறாள் என்றான். முழுக்கக் குணமாக்கிவிட்டால் எங்கே, வரச் சொல்லுங்கள் என்பார், செத்துப்போனாள் என்றால் லோடை யார் பேச்சுக்கு நிறுத்துவார். ஆகவே அவளை நடுவிலேயே, ஏறவும் விடாமல் இறங்கவும் விடாமல் வைத்திருக்கிறான். அதில் அவனுக்குத் தேர்ச்சி வந்துவிட்டது.

இன்றைக்கு அம்மாவாசை சுவருக்கு மேல் ஒரு துணிப்பையைத் தூக்கிக் கொடுத்தார். நெட்டப்பாக்கத்துத் தோட்டத்துச் சாத்துக்குடி, தினம் ரெண்டு புழிஞ்சு குடுக்கச் சொல்லுங்க சார் என்றார். சொல்றேன் என்று வாங்கிக்கொண்டான். அவர் உள்ளே போனதும் நாற்காலியில் நின்றபடியே ஒன்றை எடுத்து உரித்தான். நல்ல இனிப்பு. கொட்டைகளைத் தன் பக்கத்துச் சுவரோரம் துப்பிவிட்டு, மேல் தகட்டிலிருந்து கீழே விரலை ஓட்டி, உதடு மட்டும் அசைய, எண்ண ஆரம்பித்தான்.